கொடியில் எட்டுத் துணி

எட்டுக் கறுப்புத் துணிப் பேடுகளும் தையல் மிசின் மேல் பொத்தென்று வந்து விழுந்தன. ஊசிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த ஜாக்கெட் கை கோணிக்கொண்டு நின்றது.

தங்கச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் அவள் நாத்தனார் முத்துமாரியம்மாள். காலில் செருப்பில்லை. கத்திரி வெயில் பதினொரு மணிக்குப் பரளச்சி ஊரில் இரண்டு தெருவை வெறுங்காலோடு தாண்டி வந்திருக்கிறாள். கோபத்தில் சூடு தெரியவில்லை போலிருக்கிறது.

"நல்லாயிருப்பியாத்தா நீ? எம்மகளப் புண்ணாக்கிப் போட்டுட்டியே!"

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த மாயக்காள் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"என்ன மதினி, உள்ள வந்து உக்காந்து பேசுங்க."

"உக்காரவா? அங்கன ஒருத்தி உக்கார முடியாம குப்புறக் கெடக்கா. நீ என்னைய உக்காரச் சொல்லுற. ரெண்டு தொடையும் தோலு வழண்டு கெடக்குத்தா. காலை அகட்டி அகட்டி நடக்கா, பொறந்த கன்னுக்குட்டி மாதிரி. இவ எங்கிட்டுப் போயி ஓடுறது?"

 முத்துமாரியம்மாளின் மகள் சத்யபிரியா போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வை மூன்றாவது தடவையில்தான் தேறியிருந்தாள். இன்னும் இருபத்தாறு நாளில் விருதுநகரில் ஓட்டம். நானூறு மீட்டர், இரண்டரை நிமிடம். அதில் தவறினால் எழுதித் தேறியதெல்லாம் வீண். லாரி ஓட்டப் போய்விட்டு மாதத்துக்கு இருமுறை வீட்டுக்கு வரும் அவள் அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இந்தத் தடவையும் இல்லையென்றால் ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைகூடப் பந்தல்குடிப் பக்கம் பார்த்தாகிவிட்டது.

"மத்த யாருக்கும் ஒண்ணும் ஆகலயே மதினி. முப்பது பேருக்கு மேல தச்சுக் குடுத்திருக்கேன். நானே அதைத்தான் வச்சுக்கிடுதேன்."

"அப்ப எம்மக தொடை மட்டும் பொய் சொல்லுதா?"

மாயக்காள் அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மகளிர் குழுப் பயிற்சியில் தங்கச்செல்வி கற்றுக்கொண்டது, மாதவிலக்குக்குத் துணிப் பேடு தைக்கும் இந்த வேலை. உடம்பில் படும் மேல்துணி ஒன்று, உறிஞ்சுவதற்கு நடுவில் துண்டுத் துணி நாலு மடிப்பு, கசியாமலிருக்க அடியில் குடைத்துணி, உள்ளாடையைச் சுற்றி மடித்துப் போட இரண்டு பக்கமும் பட்டன் வைத்த சிறகு. துவைத்துத் துவைத்து மூன்று வருடம் வைத்துக்கொள்ளலாம். ஊரில் அவளுக்கென்று ஒரு பெயர் வந்தது இந்த வேலையில்தான். மருதுபாண்டி பெண்டாட்டி என்பது போய், 'பேடு தைக்கிற தங்கச்செல்வி' என்று டவுன் பஸ் கண்டக்டர் அம்மாவுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

மத்தியானம் கஞ்சிகூடக் குடிக்காமல் சத்யபிரியாவைப் பார்க்கப் போனாள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் களிம்பு கொடுத்து, காற்றுப்பட இருக்கச் சொல்லியிருந்தார். பெண் குப்புறப் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கத்தை. போலீஸாகி நாலு பேரை அடிக்கலாம்னு பாத்தா, அதுக்கு முன்னாடியே நானே அடி வாங்கிட்டேன்."

"எரியுதாத்தா?"

"மொளகாய அரைச்சுப் பூசுன கணக்கா இருக்கு. வீட்டுக்குள்ள இருக்கையில ஒண்ணும் தெரியல. ஓட ஆரம்பிச்சேன் பாருங்க, ரெண்டாவது ரவுண்டுல வேர்வை எறங்குது. அப்புறம் வழவழன்னு அங்கிட்டும் இங்கிட்டும் உரசுது. மூணு நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு ஓடிட்டேன்."

"மொத நாளே சொல்ல வேண்டியதுதான?"

"நீங்க தச்சுக் குடுத்ததைப் போயி எப்பிடிக் குத்தம் சொல்ல?" அவள் புரண்டு படுக்கப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "புண்ணு ஆறிரும். அது இல்ல பெரச்சன. அடுத்த பீரியட்ஸு கரெக்டா ஓட்டத்தன்னைக்கோ, அதுக்கு முந்துன நாளோதான் வரும். எண்ணிப் பாத்துட்டேன்."

"மாத்திரை போட்டுத் தள்ளிப்போட்டா?"

"போன வருசம் கோயில் பொங்கலுக்கு அம்மா போடச் சொல்லி, ஒரு வாரம் தலை சுத்திக் கெடந்தேனே, மறந்துட்டீங்களா? கடைப் பேடும் ஆகாது அத்தை. ஓடுனா சுருண்டுக்கிட்டு ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். அதுக்குப் பயந்துதான் ஒங்ககிட்ட வந்தேன்."

கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். தங்கச்செல்விக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது.

சாயந்திரம் மருதுபாண்டி காட்டிலிருந்து வந்தபோது விஷயம் அவனுக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது. பருத்திமார் பிடுங்கிய கையைக்கூடக் கழுவவில்லை.

"அந்த மிசினை மூடிப் போடு."

"என்னன்னு கண்டுபிடிக்கணும்ல?"

"என்னத்தக் கண்டுபிடிக்கப் போற, பெரிய டாக்டரு? அக்கா வந்து அழுதுட்டுப் போகுது. பொம்பளைக சமாச்சாரம், இத்தனை நாளு ஊருக்குள்ள ஒருத்தனும் எங்கிட்ட வாயத் தொறந்ததில்ல. இப்ப டீக்கடையில கேக்கான், 'என்ன மருது, உம் பொண்டாட்டி தச்சது போலீஸையே படுக்கப் போட்டுருச்சாமே'ன்னு. ஜாக்கெட்டு, பாவாடை தையி. வேண்டாங்கல. இது வேண்டாம்."

அவள் தூக்கி எறியப்பட்ட எட்டில் ஒன்றை எடுத்து விரித்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்றுதான் இருந்தது. இது எப்படிக் கடித்தது?

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். அது அவளுக்கு நாளில்லை. ஆனாலும் ஒரு கறுப்புப் பேடைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதை வைத்துக்கொண்டு நூறு நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். இத்தனை நாளும் அவள் தைத்ததைச் சோதித்தது மிசினுக்கு முன்னால், காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்து. கண்மாய்க்குள் அல்ல.

கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் முழங்கை போகும். பெண்கள் மண்ணை வெட்டிச் சட்டியில் அள்ளிக் கரையில் கொட்டினார்கள். கரை ஏறி இறங்க அறுபது எட்டு வைக்க வேண்டும். பத்து மணிக்குள் தங்கச்செல்விக்கு விஷயம் புரியத் தொடங்கிவிட்டது. இறங்கிய வேர்வையைத் துணி குடிக்கவில்லை. தோலுக்கும் துணிக்கும் நடுவில் அது அப்படியே நின்று கொதித்தது. அடியில் குடைத்துணி காற்றை விடவில்லை. பதினொன்றுக்கு ஒவ்வொரு எட்டும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாற்போல் இருந்தது. கஞ்சி குடிக்க எல்லாரும் வேலமர நிழலுக்குப் போனபோது அவளால் சம்மணம் போட முடியவில்லை.

கம்மங்கூழும் மோர்மிளகாயும் எடுத்துக்கொண்டு மாயக்காள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன மதினி, ஒருக்களிச்சு உக்காந்திருக்கீக?"

"நான் தச்ச பேடுதான். என்ன செய்யுதுன்னு பாக்கேன்."

மாயக்காள் மிளகாயைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "எனக்கும்தான். போன மாசத்துக்கு முந்துன மாசமே. தேங்காண்ணெய் தடவிக்கிட்டேன்."

"நேத்து அங்கன நின்னுக்கிட்டுத்தானடி இருந்த! ஒரு வார்த்தை சொன்னியா?"

"எதைச் சொல்ல? எந்த எடம்னு சொல்ல? நீங்க பாட்டுக்கு முப்பது பேருக்கு ஒண்ணும் ஆகலைங்கிறீக. கேட்டாத்தான தெரியும். வெள்ளைத்தாயிக்கு இருக்கு, தங்கமாரிக்கு இருக்கு. எல்லாரும் தேங்காண்ணெய்தான்."

 முப்பது பேர். இரண்டு வருடம். பாராட்டி ஒருத்தி சொன்னால் ஊர் முழுக்கக் கேட்டது. எரிகிறது என்பதை மட்டும் ஒருத்தி இன்னொருத்தியிடம் குசுகுசுத்துவிட்டு அதோடு நிறுத்தியிருக்கிறாள்.

ஒரு மணிக்கு மேல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டை போனாள். பஜாரில் சின்னத்துரையின் ஜவுளிக் கடைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து அவரே கல்லாவை விட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, என்ன துணி குடுத்தீங்க எனக்கு? முப்பது பொம்பளைக தொடை வெந்து கெடக்கு!"

கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். சின்னத்துரை அவளை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலைப் போட்டார். அவள் நின்றுகொண்டாள். கறுப்புப் பேடை வாங்கி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, சாமி விளக்கில் காட்டினார். நூல் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம்.

"பாலியஸ்டரு. கொடைக்கானலுக்குப் போர்வை தைக்கப் போற துணிம்மா இது. குளுருக்கு."

"தெரிஞ்சே குடுத்தீகளா?"

"தங்கச்சி, கோவிச்சுக்கிடாத. நீ என்ன கேட்டு வந்த, ஞாபகம் இருக்கா? நான் மொதல்ல வெள்ளைக் காட்டன்தான் எடுத்துப் போட்டேன். வெள்ளை வேண்டாம், கறை தெரியும்ன. சரின்னு நீலக் காட்டன் எடுத்தேன். காட்டன் காய நேரமாகும், நாங்க நெழல்லதான் காயப்போடுவோம், வெயில் படாமலே காயுற துணி வேணும்ன. நீ கேட்ட துணியத்தான் நான் குடுத்தேன். அது எதுக்குன்னு எங்கிட்டச் சொன்னியா? குழந்தைத் துணிக்குன்னு சொன்ன."

தங்கச்செல்வி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் சொன்னது உண்மை. அவர் முகத்தைப் பார்த்துப் பேடுக்கு என்று சொல்ல அன்றைக்கு நாக்கு வரவில்லை. ஆட்டுக்கொட்டத்துக்குள், சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போடத் தோதான துணியாகப் பார்த்துப் பார்த்து அவள்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். உடம்புக்குத் தோதா என்று கேட்கவே இல்லை.

"இப்பச் சொல்லுதேன் அண்ணாச்சி. பேடுக்குத்தான். வெயில்ல ஓடுற பொண்ணுக்கு. வேர்வையக் குடிக்கணும், காத்து விடணும், உரசக் கூடாது. என்ன துணி இருக்கு?"

சின்னத்துரை காதைச் சொறிந்தார். பிறகு வியாபாரி புத்தி வெட்கத்தை முந்திக்கொண்டது. மெல்லிய மல்துணியை விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் இறங்காமல் முத்தாக நின்று உருண்டது.

"சுத்தக் காட்டன்தான். ஆனா பாத்தியா? புதுத்துணியில கஞ்சி இருக்கு. பத்துத் தண்ணி கண்டாத்தான் குடிக்க ஆரம்பிக்கும். ஒங்க ஊரு உப்புத் தண்ணிக்கு இருபது. உள்ளுக்கு டர்க்கி டவலு வச்சுக்க. அடிக்கு அந்தக் குடைத்துணி வேண்டாம், காத்து விடுற காடாத்துணிய ரெட்டையாப் போடு. ஆனா ஓடுற புள்ளைக்குத் தோலுல படுறது பழந்துணியா இருந்தா நல்லது. நூறு தடவை துவைச்ச பருத்தி மாதிரி எந்த மில்லும் நெய்ய முடியாது."

பழந்துணி என்றதும் வழி முழுக்க அவள் மனசுக்குள் பீரோவைத் திறந்துகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து நிஜமாகவே திறந்து, சேலைகளைத் தரையில் அடுக்கி, ஒவ்வொன்றின் முந்தானையிலிருந்தும் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். முதல் சேலை, கறுப்பு மணி. இரண்டாவது, மணி. பூப்போட்டது, கட்டம் போட்டது, குழுவில் யூனிபாரமாக எடுத்தது, எல்லாம் மணி மணியாக உருகியது. கல்யாணத்தில் வந்த கைத்தறிச் சேலைகள் எப்போதோ பாத்திரக்காரரிடம் போய்ப் பிளாஸ்டிக் வாளிகளாக மாறிவிட்டன. சுடிதார், நைட்டி, மணிதான்.

அலமாரியின் மேல்தட்டில் கை வைத்தாள். மருதுபாண்டியின் பழைய வேட்டி. பச்சைக் கரை, ஏழெட்டு வருடம் கட்டியது. இடுப்பில் நைந்து, பிடித்தால் தண்ணீர் மாதிரி விரலிடுக்கில் வழிந்தது. நூலைக் காட்டினாள். பேப்பர் மாதிரி எரிந்து, தொட்டால் பறக்கும் சாம்பலானது.

இத்தனை பருத்தி விளையும் கரிசக்காட்டில், ஒரு வீட்டில் பருத்தி உடுத்துவது ஆம்பளை மட்டும்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ராத்திரிச் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டாள். முத்துமாரியம்மாளும் அங்கேதான் இருந்தாள்.

"ஒங்க பழைய வேட்டி ஒண்ணு வேணும். பச்சைக் கரை."

"எதுக்கு?"

"பிரியாவுக்குப் பேடு தைக்க."

கருவாட்டுக் குழம்பில் கிடந்த அவன் கை நின்றது. முத்துமாரியம்மாள் எழுந்தே விட்டாள்.

"அடி பாவி! கூடப் பொறந்தவன் வேட்டியையா? அந்தச் சமயத்துல கொடியில கெடக்குற ஆம்பளைத் துணியத் தொடவே ஆகாதும்பாக. இவ அதை அங்கயே வைக்கச் சொல்லுதா! எந்தம்பி ஆயுசு என்னத்துக்கு ஆகும்?"

"அதே வேட்டியக் கிழிச்சுத்தான மதினி டிராக்டரத் தொடச்சுக்கிட்டு இருக்காக. அதுக்கு ஆயுசு கொறையலயா?"

"டிராக்டருக்குத் தீட்டு கெடையாது," என்றான் மருதுபாண்டி. அவனைப் பொறுத்தவரை அதோடு பேச்சு முடிந்தது. "எம்வேட்டி மேல கத்திரி பட்டுச்சு, நடக்குறது வேற."

"வேற துணி இல்லைங்க. ஓடணும்ல அவ?"

"ஓடாட்டி என்ன? ஆவணியில கல்யாணம். வயக்காட்டுல ஓடட்டும்."

முத்துமாரியம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள்.

நாலாம் நாள் அவன் விதை வாங்க டவுனுக்குப் போன சமயம், தங்கச்செல்வி கதவைத் தாழிட்டுவிட்டு வேட்டியை விரித்தாள். ஒரே மூச்சில் கத்திரியை ஓட்டினாள்.  மேலே வேட்டித்துணி இரட்டையாக, உள்ளே டவல் மூன்று மடிப்பு, அடியில் காடா. உரசும் என்று ஓரத்தையல்களை உள்பக்கமாகத் திருப்பினாள். பட்டன் தாங்க உறுதி வேண்டும் என்பதால் சிறகுகளுக்குப் பச்சைக் கரையையே வைத்தாள். எட்டுத் தைத்து முடித்தபோது அவளுக்கே ஒரு நிமிஷம் பயமாக இருந்தது. எட்டிலும் பச்சைக் கரை பளிச்சென்று தெரிந்தது.

புண் ஆறியதும் சத்யபிரியா விடியற்காலையில் ரோட்டில் ஓடிப் பார்த்தாள். பேடை நனைத்து வைத்துக்கொண்டு அஞ்சு ரவுண்டு. தங்கச்செல்வி மைல்கல்லில் உட்கார்ந்து போனில் நேரம் பார்த்தாள்.

"எப்பிடி இருக்கு?"

"இருக்குறதே தெரியல அத்தை." அவள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "கொஞ்சம் கனம். நடுவுல ஒரு மடிப்பக் கொறைங்க. ஆமா, இது என்ன துணி? கரையெல்லாம் போட்டு, வி.ஐ.பி. கணக்கா?"

"ஓடுற வரைக்கும் கேக்காத. ஓடிட்டு வந்து கேளு."

துவைப்பதில் அடுத்த சண்டை. போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துணியை விட்டும் போகாது. இரண்டு தடவை அதில் அலசினால் மெத்தென்ற துணி அப்பளமாக விறைத்தது. கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் குழாயில் வரும் நல்ல தண்ணீரை இதற்கு ஊற்றுவதைப் பார்த்து முத்துமாரியம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். துணி வேட்டித்துணி என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அலசியதை ஆட்டுக்கொட்டத்தில் ஒளித்துக் காயப்போட்டுப் பார்த்தாள் தங்கச்செல்வி. ராத்திரி ஆகியும் உள்ளே ஈரம். மோந்து பார்த்தால் மக்கல் வாடை. பருத்திக்கு வெயில் வேண்டும். மறுநாள் எட்டையும் வாளியில் போட்டு எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். அங்கே மருதுபாண்டியின் வேட்டி சட்டை காயும் கொடி ஒன்று உண்டு. பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். எட்டையும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

பத்து மணிக்கு டீக்கடையில் ஒருத்தன் கேட்டானாம், "என்ன மருது, மாடியில வெள்ளைக்கொடி ஏத்திட்ட? சமாதானமா போயிட்டியா?"

அவன் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப்போனான். கொடிக்குப் பக்கத்தில் போனவன் அப்படியே நின்றுவிட்டான். பச்சைக் கரை. அவனுக்கு அவன் வேட்டியைத் தெரியாதா?

இறங்கி வந்து தங்கச்செல்விக்கு முன்னால் நின்றான். 

"சொல்லியும் வெட்டிட்ட."

"ஆமா."

"எல்லாத்தையும் எறக்கு."

"ஓட்டம் முடியட்டும். அப்புறம் நீங்களே எரிச்சுருங்க. அது வரைக்கும் எறக்க மாட்டேன்."

அவன் சோறு தின்னாமல் காட்டுக்குப் போனான். போனவன் சாயந்திரம் நொண்டிக்கொண்டு வந்தான். கருவேலமுள் செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி உள்ளேயே ஒடிந்திருந்தது. மறுநாள் கால் பரங்கிக்காயாக வீங்கியது. செய்தி கேட்டு வந்த முத்துமாரியம்மாளிடம் வேட்டிக் கதையையும் அவன் சொல்லிவிட்டான்.

அவள் தங்கச்செல்வியைத் திட்டவில்லை. தம்பியின் காலடியில் உட்கார்ந்து வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். "முள்ளு எல்லாருக்கும்தான் குத்தும் மதினி," என்று தங்கச்செல்வி சொல்லிப் பார்த்தாள்.

"இத்தனை வருசமா அதே காட்டுக்குள்ள நடக்கான். இன்னைக்குத்தான் குத்துச்சா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம்மக ஓடணும்தான். அதுக்கு எந்தம்பியவா குடுப்பேன்? அந்தத் துணிய நான் கையால தொட மாட்டேன். தொட்டேன்னா நான் அவனுக்கு அக்கா இல்ல."

நர்ஸ் முள்ளை எடுத்து ஊசி போட்டார். வீக்கம் வடிய நாலு நாளானது. காய்ந்த எட்டையும் தங்கச்செல்வி எடுத்துச் சத்யபிரியாவிடம் கொடுத்துவிட்டாள். கொடியில் வெறும் கிளிப்புகள் மட்டும் ஆடின. சத்யபிரியா காலையில் ஓடினாள், பகலில் தூங்கினாள், நாளை எண்ணினாள்.

ஓட்டத்துக்கு முதல் நாள் விடியக்காலை அவளுக்கு வந்துவிட்டது. எண்ணியது பிசகவில்லை.

ஓடிப் பார்த்ததில் வேர்வை பட்டிருந்த எட்டையும் தங்கச்செல்வி நல்ல தண்ணீரில் அலசிக் காலை எட்டு மணிக்கே மாடியில் போட்டாள். அன்று முழுதும் அடிக்கிற வெயிலில் காய்ந்தால், ராத்திரிக்கும் மறுநாளைக்கும் போதும். அதுவரைக்கு மல்துணியில் இரண்டு தைத்துக் கொடுத்திருந்தாள். பிறகு, ஒரு சிறகில் பட்டன் விட்டுப்போயிருந்ததால் புதுப் பட்டன் வாங்க அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். திரும்பும்போது பாதி வழியில் வெளிச்சம் மங்கியது. ஜன்னலோரத்து ஆள் தலையை வெளியே நீட்டினார்.

"மழ வருதுப்பா!"

பஸ்ஸுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாதமாக ஒரு துளி விழாத காடு. டிரைவர் ஹாரனை அடித்துக் கொண்டாடினார். தங்கச்செல்வி ஒருத்திதான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏ மழையே, ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் தள்ளி வா.

ஸ்டாப்பில் இறங்கியபோது புழுதி சுழன்று கண்ணை அடைத்தது. மாடியைப் பார்த்தாள். காற்றில் கொடி வில்லாக வளைந்து எட்டும் படபடத்தன. முதல் துளிகள் கல்லாக விழுந்தன. ஓடினாள். ஓட ஓடப் பார்த்தாள், மாடிப்படியில் யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பருத்த உடம்பைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு.

முத்துமாரியம்மாள்.

மேலே போனவள் கிளிப்புகளைக் கழற்றவில்லை. பிடுங்கினாள். பிடுங்கியதையெல்லாம் நெஞ்சோடு அணைத்து, முந்தானையால் மூடி, மழைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழ்ப்படியில் மருதுபாண்டி நின்றிருந்தான். கட்டுப்போட்ட கால்.

"அக்கா. நீயா?"

"நான்தாம்லே. எம்மக நாளைக்கு ஓடணும். வழிய விடு."

"தொட மாட்டேன்ன."

"சொன்னேன். நீயும் ஓடாட்டி என்னன்னு சொன்ன. ரெண்டு பேரும் சொன்னதுதான்." அவள் கூடத்துக்குள் போய்க் கட்டிலில் போட்டு எண்ணினாள். தொட்டுத் தொட்டு ஈரம் பார்த்தாள். "காஞ்சிருக்கு. நல்லாத்தான் காஞ்சிருக்கு. ஒண்ணு, ரெண்டு..." ஆறோடு நின்றது. "ரெண்டு கொறையுது. காத்துல விழுந்துருச்சா? எனக்கு இன்னொருக்கா ஏற முடியாதுலே மருது. மூச்சு வாங்குது."

வாசலில் நனைந்துகொண்டு நின்ற தங்கச்செல்வி படியை நோக்கி நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் மருதுபாண்டி நொண்டி நொண்டி ஏறத் தொடங்கியிருந்தான். மழை அதற்குள் பிடித்துக்கொண்டது. மாடி தெரியவில்லை.

இறங்கி வந்தவன் தெப்பமாக நனைந்திருந்தான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல் படாமல் கிளிப்பை மட்டும் பிடித்து, இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான், தேளை வாலில் பிடித்துக் கொண்டுவருகிறவன் மாதிரி.

"நனைஞ்சிருச்சு," என்றான் பொதுவாக. "இஸ்திரி போட்டா ஆகுமா?"

"ஆகும்," என்றாள் தங்கச்செல்வி.

"ஏலே, அதே கொடியில ஒன் வெள்ளை வேட்டி கெடந்துச்சே, அதை எங்க?" என்றாள் அக்கா.

அவன் தலையைத் துவட்டத் துண்டைத் தேடினான். "அது கெடக்கு."

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் வந்தபோது தங்கச்செல்வி மாடியில் அந்த வேட்டியிலிருந்து சேற்றைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் சத்யபிரியாவின் கத்தல், பின்னால் முத்துமாரியம்மாளின் அழுகை.

"ரெண்டு நிமிசம் பன்னெண்டு செகண்டு! அத்தை, கேக்குதா? இப்பச் சொல்லுங்க, அது என்ன துணி?"

மருதுபாண்டி படியேறி வந்து நின்றான். முகத்தைப் பார்த்தே முடிவு அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"புண்ணு கிண்ணு ஒண்ணும் இல்லயாமா?" என்றான்.

தங்கச்செல்வி போனை அவன் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே கேளுங்க."